எஸ்.டி.டி. மீட்டர் ஓட ஓட இணையம் தேடிய காலம்: மோடம், லினக்ஸ், வேலூர்

1995-ம் ஆண்டு ஆகஸ்ட் 15. அன்றுதான் வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. மும்பை, டெல்லி, கொல்கத்தா, அப்போதைய மெட்ராஸ் ஆகிய பெருநகரங்களில்தான் முதலில் கதவு திறந்தது. பத்திரிகைகள் "இந்தியாவுக்கு இணையம் வந்துவிட்டது" என்று எழுதின.

ஆனால் வேலூருக்கு வந்ததா? மெட்ராஸில் இருந்து சுமார் 140 கிலோமீட்டர். ஆம்பூர் அதற்கும் அப்பால் இன்னும் 50 கிலோமீட்டர். இங்கே இருந்து ஒருவர் இணையத்தில் நுழைய வேண்டும் என்றால் 044 போட்டு மெட்ராஸுக்கு எஸ்.டி.டி. அழைக்க வேண்டும். இணைப்பு கிடைத்தாலும் மீட்டர் ஓடும். கிடைத்து உடனே அறுந்தாலும் மீட்டர் ஓடியது ஓடியதுதான். கம்ப்யூட்டரில் ஒரே ஒரு செட்டிங் தப்பாக இருந்தால் அதற்கும் காசு!

டயல்-அப் இணைப்பைச் சரிசெய்வது என்பது வெறும் தொழில்நுட்பச் சமாசாரம் அல்ல என்பது இங்கேயே புரியும். யாருக்கு இணையம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற வரலாறும் அதற்குள் இருக்கிறது. குறிப்பாக லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வகை கணினிகளில் அந்த வரலாறு கோப்புகளின் பெயர்களிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் தெரியும்.

தோல் மண்டியில் இருந்த டிடிஒய்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம்... பாலாற்றை ஒட்டிய இந்த ஊர்கள் தோல் தொழிலுக்குப் பெயர் போனவை. (2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின; ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆனது.) இங்கே பதனிட்ட தோலும் தைத்த ஷூவும் ஐரோப்பாவுக்குப் போகும். எனவே வெளிநாட்டுடன் பேச வேண்டிய தேவை இந்த ஊர்களுக்கு இணையம் வருவதற்கு வெகு காலம் முன்பே இருந்தது. தந்தி, டெலக்ஸ், அதன் பின் ஃபேக்ஸ் என்று ஏற்றுமதி வியாபாரத்தின் கருவி மாறிக்கொண்டே வந்தது.

டெலக்ஸ் என்றால் டெலிபிரின்டர் இயந்திரம். ஒரு முனையில் தட்டச்சு செய்தால் மறுமுனையில் காகிதத்தில் அச்சாகும். இந்தியாவுக்குத் தேவையான டெலிபிரின்டர்களைச் செய்வதற்காகவே 1960-ல் மத்திய அரசு சென்னை கிண்டியில் இந்துஸ்தான் டெலிபிரின்டர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது.

யூனிக்ஸ் இயங்குதளம் 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. பெல் ஆய்வகம் யாருடையது? ஏ.டி. அண்டு டி. என்ற தொலைபேசி நிறுவனத்துடையது. அன்றைக்குக் கணினியோடு பேசுவதற்கு இணைத்திருந்த கருவி இதே டெலிபிரின்டர்தான். அதன் இன்னொரு பெயர் டெலிடைப். சுருக்கமாக டிடிஒய். இன்றும் லினக்ஸில் முதல் சீரியல் போர்ட்டின் பெயர் டிடிஒய்எஸ்0. விண்டோஸ்காரர்கள் காம்1 என்று சொல்வதும் அதுதான். மோடத்தை எந்தப் போர்ட்டில் சொருகியிருக்கிறோம் என்று லினக்ஸிடம் சொல்லும்போது, பழைய டெலக்ஸ் அறையின் பெயரைத்தான் சொல்கிறோம் என்பது பலருக்குத் தெரியாது.

யூயூசிபி விட்டுச் சென்ற பூட்டு

பொதுமக்களுக்கு இணையம் வருவதற்கு 9 ஆண்டுகள் முன்பே கல்வி நிலையங்களுக்கு ஒரு வலை வந்துவிட்டது. 1986-ல் மத்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் எர்நெட் திட்டத்தைத் தொடங்கியது. மும்பையின் என்.சி.எஸ்.டி., பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், மெட்ராஸ் உள்ளிட்ட 5 ஐ.ஐ.டி.க்கள், மின்னணுவியல் துறை என்று 8 இடங்கள். என்.சி.எஸ்.டி.யில் இந்தப் பணியை வழிநடத்திய சீனிவாசன் ரமணி, 2014-ல் உலக இணையப் புகழரங்கில் இடம்பெற்றார்.

எர்நெட்டின் ஆரம்பமும் டயல்-அப்தான். யூயூசிபி என்ற முறையில் ஒரு கணினி இன்னொரு கணினிக்குத் தொலைபேசியில் அழைத்து, சேர்த்து வைத்திருக்கும் கடிதங்களைக் கொடுத்து வாங்கிக்கொண்டு லைனை வைத்துவிடும். பெல் ஆய்வகத்தில் 1970-களில் மைக் லெஸ்க் உருவாக்கிய முறை இது.

இந்த யூயூசிபி தன் தடயத்தை எல்லா லினக்ஸ் கணினிகளிலும் விட்டுச் சென்றிருக்கிறது. ஒரே மோடத்தை இரண்டு புரோகிராம்கள் ஒரே சமயத்தில் பிடித்துக்கொள்ளக் கூடாது அல்லவா? அதற்காக மோடத்தை எடுக்கும் புரோகிராம் ஒரு "பூட்டுக் கோப்பு" வைக்கும். வேலை முடிந்ததும் எடுத்துவிடும். மின்சாரம் போய் கணினி திடீரென்று அணைந்தால் பூட்டு அப்படியே கிடந்துவிடும். மறுபடி டயல் செய்தால் "மோடம் உபயோகத்தில் உள்ளது" என்று பிழை வரும். யாரும் உபயோகிக்கவில்லை! பழைய பூட்டு மட்டும்தான் கிடக்கிறது. அந்தக் கோப்பை அழித்தால் சரியாகிவிடும். அதே போல சாதாரணப் பயனர் டயல் செய்ய முடியாமல் ரூட் மட்டும் செய்ய முடிகிறது என்றால், அந்தப் பயனரைச் சேர்க்க வேண்டிய குழுவின் பெயர் சில லினக்ஸ்களில் டயல்அவுட், சிலவற்றில் யூயூசிபி.

பல்ஸா? டோனா?

அடுத்தது தொலைபேசி லைன். மோடம் எல்லாம் ஏ.டி. என்று தொடங்கும் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும். 1981-ல் டென்னிஸ் ஹேய்ஸின் நிறுவனம் வெளியிட்ட ஸ்மார்ட்மோடம் என்ற கருவியில் வந்த மொழி அது. ஏ.டி. என்றால் "கவனி". டி என்றால் "டயல் செய்". அதற்குப் பின் டி போட்டால் டோன், பி போட்டால் பல்ஸ்.

அமெரிக்காவில் எழுதப்பட்ட புரோகிராம்கள் பெரும்பாலும் டோன் என்றே வைத்துக்கொண்டு வரும். இந்தியாவிலோ 1990-களில் பழைய ஸ்ட்ரோஜர், கிராஸ்பார் எக்ஸ்சேஞ்சுகள் பல ஊர்களில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பல்ஸ்தான் புரியும். வீட்டில் பட்டன் போன் இருந்திருந்தால் அதன் அடியில் பி, டி என்று ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது நினைவிருக்கிறதா? அதே விஷயம்தான். எக்ஸ்சேஞ்ச் பல்ஸ், மோடம் டோன் என்றால் என்ன நடக்கும்? மோடம் எண்களைப் பாடி முடித்த பின்னும் டயல்டோன் "ங்ங்..." என்று அப்படியே கேட்டுக்கொண்டிருக்கும். ஒரே ஓர் எழுத்தை மாற்றினால் தீர்ந்தது.

1984-ல் தொடங்கப்பட்ட சி-டாட் அமைப்பு உள்நாட்டிலேயே மின்னணு எக்ஸ்சேஞ்சுகளை வடிவமைத்தது. 1986-ல் கர்நாடகத்தின் கிட்டூரில் அதன் முதல் கிராமப்புற எக்ஸ்சேஞ்ச் இயங்கத் தொடங்கியது. சாம் பிட்ரோடா பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்த மாற்றம் சிறிய ஊர்களின் லைன்களை மெல்ல மெல்ல மாற்றியது. பல்ஸ் சுவிட்ச் தேவையில்லாமல் போனது அதற்குப் பிறகுதான்.

இன்னொரு பிழை "நோ டயல்டோன்". போனை எடுத்துக் காதில் வைத்தால் டோன் நன்றாகவே கேட்கும். மோடத்துக்கு மட்டும் கேட்காது! காரணம், அது எதிர்பார்க்கும் டோன் வேறு, உள்ளூர் எக்ஸ்சேஞ்ச் கொடுக்கும் டோன் வேறு. எக்ஸ்3 என்ற கட்டளையைச் சேர்த்தால் மோடம் டயல்டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய்துவிடும். அலுவலகங்களில் இ.பி.ஏ.பி.எக்ஸ். வழியாக வெளி லைன் எடுப்பவர்களுக்கும் இதே மருந்துதான். எண்ணுக்கு முன் 0 அல்லது 9, பிறகு ஒரு காற்புள்ளி. அந்தக் காற்புள்ளிக்கு "சற்றுப் பொறு" என்று அர்த்தம். பெரும்பாலான மோடங்களில் 2 விநாடி.

500 ரூபாய் இணையம், 15,000 ரூபாய் இணையம்

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருவோம்.

வி.எஸ்.என்.எல். தொடக்கத்தில் இரண்டு வகைக் கணக்குகளை விற்றது. ஒன்று ஷெல் கணக்கு. டயல் செய்தால் வி.எஸ்.என்.எல்.லின் யூனிக்ஸ் கணினிக்குள் போவோம். (மெட்ராஸ் கணினியின் பெயர் ஜியாஸ்எம்டி01.) அங்கே எழுத்து மட்டும்தான். பைன் என்ற புரோகிராமில் மின்னஞ்சல், லிங்க்ஸ் என்ற உலாவியில் படமில்லாத வலைப்பக்கம். மாணவர்களுக்கு இது ஆண்டுக்கு 500 ரூபாய். இன்னொன்று டி.சி.பி./ஐ.பி. கணக்கு. இதில் நம் கணினியே இணையத்தின் ஓர் அங்கமாகிவிடும். படம், நிறம், நெட்ஸ்கேப் எல்லாம் உண்டு. தனிநபருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய்.

கம்பி ஒன்றே. மோடம் ஒன்றே. தொலைபேசிக் கட்டணமும் ஒன்றே. ஆனால் மாணவனுக்கு எழுத்து மட்டும்! 30 மடங்கு பணம் கொடுப்பவருக்குப் படம்.

இந்த வேறுபாடு லினக்ஸில் எப்படித் தெரியும் தெரியுமா? டி.சி.பி./ஐ.பி. கணக்குக்குத் தேவையான மொழி பி.பி.பி. தொலைபேசிக் கம்பியில் இணையப் பொட்டலங்களை அனுப்புவதற்கான நெறிமுறை. அதற்கு முன் இருந்தது 1988-ல் ஆவணமாக்கப்பட்ட ஸ்லிப், பி.பி.பி.யின் இப்போதைய வரையறை 1994-ல் வந்தது. லினக்ஸில் இதைப் பேசும் புரோகிராம் பி.பி.பி.டி. அது இணைப்புக் கிடைத்தவுடன் "பேசலாமா? இதுதான் என் நிபந்தனைகள்" என்று ஒரு கோரிக்கையை அனுப்பும். மறுமுனையில் பி.பி.பி. இருந்தால் பதில் வரும்.

மறுமுனையில் ஷெல் இருந்தால்? யூனிக்ஸ் ஷெல்லின் பழக்கம், நாம் தட்டுவதை நமக்கே திருப்பிக் காட்டுவது. எனவே பி.பி.பி.டி. அனுப்பிய கோரிக்கை அப்படியே எதிரொலியாகத் திரும்பி வரும். கணினியின் பதிவுக் கோப்பில் "சீரியல் லைன் வளைந்து திரும்பி வந்துவிட்டது" என்ற பொருளில் ஒரு வரி விழும். அதைப் பார்த்தவர்கள் மோடம் கெட்டுவிட்டது, கேபிள் கெட்டுவிட்டது என்று நினைத்தார்கள். எதுவும் கெடவில்லை. "உன் கணக்கு 500 ரூபாய்க் கணக்கு" என்று அந்த வரி சொல்கிறது, அவ்வளவுதான்.

(15,000 ரூபாய்க் கணக்கு உள்ளவருக்கும் இதே வரி வரலாம். லாகின் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து முடிக்கும் முன்பே பி.பி.பி.டி. பேசத் தொடங்கினால் அப்படி ஆகும். அதற்குத்தான் சாட் ஸ்கிரிப்ட். "இந்தச் சொல் வந்தால் இதை அனுப்பு" என்று வரிசையாக எழுதி வைப்பது. லாகின் என்ற சொல்லின் முதல் எழுத்து பெரியதா சிறியதா என்பது சர்வருக்குச் சர்வர் மாறும் என்பதால், அதை விட்டுவிட்டு மீதி எழுத்துகளை மட்டும் எழுதுவது அக்கால வழக்கம்.)

சுவரில் ஒரு ஜன்னல்

மாணவர்கள் சும்மா இருப்பார்களா? ஷெல் கணக்குக்குள் ஒரு சின்னப் புரோகிராமை ஓடவிட்டு, அதையே பி.பி.பி. பேச வைக்கும் தந்திரம் உலகம் முழுக்கப் பரவியது. 1993 வாக்கில் டி.ஐ.ஏ. என்று ஒன்று விலைக்கு வந்தது. 1995-ல் டேனி காஸ்பரோவ்ஸ்கி எழுதிய ஸ்லிர்ப் இலவசமாக வந்தது. ஷெல்லில் ஸ்லிர்ப்பை ஓடவிட்டு இங்கே பி.பி.பி.டி.யைத் தொடங்கினால் எதிரொலி இல்லை, பதில் வரும். 500 ரூபாய்க் கணக்கில் படம் தெரியும்! வி.எஸ்.என்.எல். ஷெல் கணக்கு வைத்திருந்த இந்திய மாணவர்களிடமும் இந்த வித்தை புழங்கியது.

இது திருட்டா, திறமையா என்று அன்று விவாதம் செய்திருக்கலாம். ஆனால் ஸ்லிர்ப் சாகவில்லை. க்யூஇமு என்ற மெய்நிகர் கணினி மென்பொருள் தன் வலை இணைப்புக்கு அதே ஸ்லிர்ப் நிரல்களை எடுத்துக்கொண்டது. இன்று ஒருவர் மடிக்கணினிக்குள் இன்னொரு கணினியை ஓடவிட்டு அதில் இணையம் பார்க்கும்போது, ஷெல் கணக்குக்காரர்களுக்காக எழுதிய அந்த நிரலின் வழித்தோன்றல்தான் பல இடங்களில் வேலை செய்கிறது.

உதவி எங்கே இருந்தது?

வேலூரில் மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. 1984-ல் தொடங்கிய வேலூர் பொறியியல் கல்லூரி 2001-ல் வி.ஐ.டி. என்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. மருத்துவக் கல்லூரியோ 1900-ல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறு மருத்துவமனையில் இருந்து வளர்ந்தது. வங்காளத்தில் இருந்தும் வடகிழக்கில் இருந்தும் அங்கே வந்த நோயாளிகளின் உறவினர்களுக்காக, எதிர்த் தெருக்களில் எஸ்.டி.டி. பூத்துகள் இரவு வரை திறந்திருந்தன. இரவு 11 மணிக்கு மேல் எஸ்.டி.டி.க்குக் கால் பங்குக் கட்டணம். வீட்டுக்குப் பேசுகிறவரும் மோடம் வைத்திருந்தவரும் காத்திருந்தது அந்த 11 மணிக்காகத்தான்.

லினக்ஸ் எங்கிருந்து வந்தது? டயல்-அப்பில் இறக்குவது நடக்காத காரியம். 1996-ல் பி.சி. குவெஸ்ட் பத்திரிகை இதழோடு லினக்ஸ் சி.டி. கொடுத்தது. பெங்களூருவின் அதுல் சிட்னிஸ் (1962-2013) அந்த முயற்சியின் முக்கியப் புள்ளி. அதன் பின் பல ஆண்டுகள் அந்த இதழின் லினக்ஸ் சி.டி.க்காகவே காத்திருந்தவர்கள் உண்டு. சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவும் உருவானது.

இங்கேதான் டயல்-அப்பின் பெரிய கொடுமை இருக்கிறது. இணைப்பு வேலை செய்யவில்லை என்றால் உதவி கேட்க இணையத்துக்குப் போக வேண்டும். இணையத்துக்குப் போகத்தான் இணைப்பு வேலை செய்யவில்லை! சென்னையில் இருப்பவர் நண்பர் வீட்டுக்கோ பிரவுசிங் சென்டருக்கோ போகலாம். ஆம்பூரில் இருப்பவருக்கு சி.டி.யோடு வந்த "ஹௌ-டு" ஆவணங்கள்தான் துணை. கணினிக்குள்ளேயே இருந்த அவற்றை வரி வரியாகப் படித்தார்கள். பதிவுக் கோப்பையும் வரி வரியாகப் படித்தார்கள். எஸ்.டி.டி. மீட்டர் ஓடாத நேரத்தில் யோசித்து, ஓடும் நேரத்தில் சோதித்தார்கள்.

வரிசை என்ற ஒழுங்கு

அந்தக் கட்டாயம் ஒரு நல்ல பழக்கத்தைக் கொடுத்தது. ஒரே நேரத்தில் பத்து செட்டிங்கை மாற்றாமல், கீழிருந்து மேலாக ஒவ்வொரு படியாகப் பார்ப்பது.

முதல் படி: மோடம் பேசுகிறதா? ஏ.டி. என்று அனுப்பினால் ஓ.கே. என்று வர வேண்டும். வரவில்லை என்றால் போர்ட் தவறு, அல்லது அது வின்மோடம். 1990-களின் கடைசியில் வந்த விலை குறைந்த உள் மோடம் கார்டுகளில் பாதி வேலையை விண்டோஸ் மென்பொருளே செய்தது. ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த பெட்டிக்குள் அப்படி ஒரு கார்டு இருந்தால், லினக்ஸுக்கு அது வெறும் தகடு. லூசென்ட் போன்ற சில சிப்களுக்குத் தனி டிரைவர் உண்டு. அதுவும் கெர்னல் பதிப்போடு பொருந்த வேண்டும்.

இரண்டாவது படி: டயல் ஆகிறதா? பல்ஸ், டோன், எக்ஸ்3.

மூன்றாவது படி: அடையாளம் ஏற்கப்படுகிறதா? பிற்காலத்தில் சாட் ஸ்கிரிப்டுக்குப் பதில் பாப், சாப் என்ற முறைகள் வந்தன. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பாப்-சீக்ரெட்ஸ் என்ற கோப்பில் இருக்கும். ஆப்ஷன்ஸ் கோப்பில் உள்ள பயனர் பெயர் இதோடு ஓர் எழுத்துகூட மாறாமல் பொருந்த வேண்டும்.

நான்காவது படி: வழி இருக்கிறதா? கணினியில் ஏற்கெனவே நெட்வொர்க் கார்டு இருந்து அதன் வழியாக டீஃபால்ட் ரூட் அமைந்திருந்தால், பி.பி.பி.டி. அதை மாற்றாது. மோடம் இணைந்திருக்கும், பொட்டலம் மட்டும் வேறு கம்பியில் போகும். பல கணினிகள் உள்ள பிரவுசிங் சென்டர்களில் மாட்டிக்கொள்ளும் தவறு இது.

ஐந்தாவது படி: பெயர் புரிகிறதா? எண் முகவரிக்கு பிங் போனால் பதில் வருகிறது, பெயருக்குப் போனால் வரவில்லை என்றால் டி.என்.எஸ். பிரச்சினை. டி.என்.எஸ். எண்களை இணைப்பின்போதே கொடுக்கும் முறை 1995-ல் மைக்ரோசாஃப்ட்காரர்கள் எழுதியது. விண்டோஸ் அதைத் தானாகக் கேட்கும். பி.பி.பி.டி.யில் அதற்கென்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் கையால் எழுத வேண்டும். "விண்டோஸில் வருகிறது, லினக்ஸில் வரவில்லை" என்ற புகாரில் பாதி இதுதான்.

கனடாவின் வேர்ல்ட்விஷன்ஸ் குழுவினர் எழுதிய டபிள்யூவி-டயல் புரோகிராமும், கே.டி.இ.யின் கே.பி.பி.பி.யும் இந்தப் படிகளில் பலவற்றைத் தாமே செய்யக் கற்றுக்கொண்டன. புதியவர்களுக்கு அது பெரிய விடுதலை.

மீட்டர் நின்ற பிறகு

1998 நவம்பரில் வி.எஸ்.என்.எல்.லின் ஏகபோகம் முடிந்தது. தனியார் நிறுவனங்கள் வந்தன; சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே அவற்றில் முதன்மையானது. 2000 அக்டோபர் 1-ல் பி.எஸ்.என்.எல். உருவானது. அதன் சஞ்சார்நெட் சேவையும், 172 என்று தொடங்கும் உள்ளூர்க் கட்டண எண்களும் வந்த பிறகுதான் வேலூர், ஆம்பூர் போன்ற ஊர்களுக்கு எஸ்.டி.டி. பயம் இல்லாத இணையம் கிடைத்தது. 1995-ல் வி.எஸ்.என்.எல்.லின் தலைவராக இருந்த பி.கே. சிங்கால், தொடக்க காலக் குளறுபடிகளைப் பின்னர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். 2002-ல் வி.எஸ்.என்.எல். டாடாவிடம் போனது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தது. மோடத்தின் "கீ...ஈ...கர்ர்" பாட்டு வீடுகளில் இருந்து மெல்ல மறைந்தது.

பி.பி.பி.டி. மட்டும் மறையவில்லை. பிராட்பேண்ட் இணைப்பில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது பி.பி.பி.ஓ.இ. முறை, லினக்ஸில் அதன் பின்னால் இருந்தது பி.பி.பி.டி.தான். 2010 வாக்கில் மடிக்கணினியில் சொருகிய டேட்டா கார்டுகளும் ஏ.டி. கட்டளை கேட்டு, *99# என்று டயல் செய்து, பி.பி.பி. பேசின. 2020-ல் அந்தப் புரோகிராமில் 17 ஆண்டுகளாகக் கிடந்த ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது, எத்தனை ரவுட்டர்களுக்குள் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பலர் ஆச்சரியப்பட்டார்கள்.

1995-ல் வேலூரில் ஒரு மாணவன் செய்த ஒவ்வொரு தவறுக்கும் 140 கிலோமீட்டர் தூரத்துக்கான கட்டணம் இருந்தது. மெட்ராஸ் மாணவனுக்கு அதே தவறு ஒரு லோக்கல் கால். இருவரும் எழுதியது ஒரே தேர்வு, போட்டியிட்டது ஒரே வேலைக்கு. இணையம் எல்லோரையும் சமமாக்கியது என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டில், எந்த ஊரில், எந்தக் கணக்கில் என்று கேட்டுப் பாருங்கள்.